அள்ளக் கூடாத பனி

ஹேர் டிரையரின் சூடு ஹில்க்காவின் கன்னத்தில் அடித்தது. மல்லாந்து படுத்து, சமையலறைத் தொட்டியின் அடி அலமாரிக்குள் தலையையும் ஒரு தோளையும் நுழைத்திருந்தாள். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் டிரையர். தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் குழாயின் முட்டியில் சூட்டைக் காட்டியபடி, மேலே திறந்து வைத்திருந்த குழாயின் பக்கம் காதைத் தீட்டியிருந்தாள்.

ஒரு சொட்டு விழுந்தால் போதும்.

விழவில்லை.

"ஹில்க்கா." பின்னறையிலிருந்து ஓஸ்மோவின் குரல். "என்னமோ இரையுதே?"

"தலை காய வைக்கிறேன்."

பக்கவாதம் வந்ததிலிருந்து ஓஸ்மோ ஒரு வாக்கியத்தை எடுத்து வைப்பதற்குள் எதிரில் இருப்பவர் காபியே குடித்து முடித்துவிடலாம். ஆனால் எடுத்து வைத்தால் குறி தப்பாது.

"எப்போ குளிச்சே?"

ஹில்க்கா டிரையரை அணைத்தாள். அலமாரியிலிருந்து மெல்ல ஊர்ந்து வெளியே வந்தாள். ஜன்னல் சட்டத்தில் ஆணியடித்திருந்த வெப்பமானியின் சிவப்புக் கோடு, சுழியத்துக்குக் கீழே முப்பதையும் தாண்டி இறங்கி உட்கார்ந்திருந்தது. ஒரு வாரமாகவே அதற்கு எழுந்திருக்கும் எண்ணமில்லை.

"காபி வருது," என்றாள் பொதுவாக.

காபி வரத்தான் செய்தது. முன்வாசல் பனியை ஒரு பானை நிறைய அள்ளி அடுப்பில் உருக்கியிருந்தாள். உருக்கிய பனியில் போட்ட காபிக்கு ஒரு தட்டையான ருசி உண்டு. ஓஸ்மோ ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

இன்றைக்குப் போய்த் தண்ணீர் நின்றிருக்கக் கூடாது. நேற்று நின்றிருந்தால் பரவாயில்லை. நாளைக்கு என்றாலும் சமாளித்திருப்பாள். இன்று பகல் நகராட்சியிலிருந்து பராமரிப்பு அதிகாரி கைசா வருகிறாள்.

கைசா கெட்டவள் இல்லை. போன மாதம் வந்தபோது ஏலக்காய் பன்னை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, நேராகவே சொன்னாள்: "தினமும் விடியக்காலையில நீங்க பால் கறக்கப் போயிடறீங்க. அந்த நேரம் இவர் தனியா இருக்கார். அடுப்புலேர்ந்து ஒரு பொறி பறந்துச்சுன்னா, தானா எழுந்து வெளியே வரமுடியுமா? இன்னொரு தடவை வந்து வீட்டையும் இவரையும் பார்க்கறேன். ஒண்ணு குறைஞ்சாலும் டவுன்ல இருக்கிற பராமரிப்பு இல்லத்துல இடம் போட்டுடுவேன். ஒரு ரூம் காலியா இருக்கு."

அன்று இரவு, விளக்கை அணைத்த பிறகு, ஓஸ்மோ "என்னை அனுப்பிடாதே கிழவி" என்றான். திருமணமாகி இத்தனை வருடத்தில் ஓஸ்மோ அவளிடம் எதையும் கேட்டதாக ஹில்க்காவுக்கு நினைவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்து போய் எடுத்துக்கொள்கிறவன்.

பராமரிப்பு அதிகாரி வருகிற நாளில், நடக்கமுடியாத மனிதன் இருக்கிற வீட்டில், கழிப்பறையில்கூடத் தண்ணீர் இல்லை.

ஹில்க்கா நிலவறைக் கதவைத் தூக்கினாள்.

ஏற்கெனவே ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டாள். இப்போது நிதானமாகப் பார்த்தாள். சமையலறை, குளியலறை, கழிப்பறை, மூன்றிலும் தண்ணீர் வராததால் கோளாறு குழாய்கள் பிரிவதற்கு முன்னாலேயே இருக்கவேண்டும். அழுத்தத் தொட்டியின் அளவுமானியில் முள் அடியில் கிடந்தது. காலையில் பார்த்தபோது பம்ப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் கிணற்றுக்குள் பம்ப் ஓடியிருக்கிறது, தள்ளியிருக்கிறது, தள்ளிய தண்ணீர் வந்து சேரவில்லை. முட்டிமுட்டிச் சூடாகி எரிந்துவிடக் கூடாதென்று அப்போதே அதை நிறுத்தியிருந்தாள். கரண்ட்டிலும் பழுதில்லை. பைப் சுவரைத் துளைத்து உள்ளே வரும் இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது, ஆனால் உறையவில்லை.

மீதியிருந்த சந்தேக நபர் ஒருவர்தான். கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே மண்ணுக்கடியில் படுத்திருக்கும் பைப்.

அவள் போனை எடுத்தாள். குரலைத் தாழ்த்தி, "பெர்த்தி, பால் கேன்ல வெந்நீர் எடுத்துக்கிட்டு வா. அந்தச் சின்ன ஹோஸையும் கொண்டா. முன்பக்கமா வா. டிராக்டர் சத்தத்தைக் குறைச்சுக்கோ" என்றாள்.

"டிராக்டர் சத்தத்தை எப்படிக் குறைக்கிறது? அதென்ன ரேடியோவா?"

"பெர்த்தி."

"வரேன், வரேன்."

பெர்த்தி பக்கத்துப் பண்ணைக்காரன். ஹில்க்கா காலையில் பால் கறக்கப் போவது அவனுடைய மாடுகளிடம்தான். வந்தவன் இரண்டு பால் கேன்களை நிலவறைக்குள் இறக்கினான். சுருட்டிய மெல்லிய ஹோஸ் தோளில் தொங்கியது. குளிரில் மீசையெல்லாம் வெள்ளையாகியிருந்தது.

"பைப்தானா?"

"பைப்தான்."

"எந்தப் பைப்?"

"இருக்கிறது ஒண்ணுதானே. மெதுவாப் பேசு. தலைக்கு நேர் மேல படுத்திருக்கார்."

பெர்த்தி மேலே பலகைகளைப் பார்த்தான். "இன்னும் சொல்லலையா நீ?"

சொல்லவில்லை.

நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டைக் கட்டியபோது, கிணற்றிலிருந்து வீடு வரை பைப்புக்கான பள்ளத்தை ஓஸ்மோ கடப்பாறையும் கையுமாகத் தோண்டினான். நேர்வழியில் பாறை இருக்கிறதென்று, விறகுக் கொட்டகைக்குப் பின்னால் சுற்றி, மண் ஆழமாக உள்ள பக்கமாகவே கொண்டுவந்தான். அந்தப் பைப் ஒரு குளிர்காலத்திலும் உறைந்ததில்லை. ஊரில் யார் வீட்டுக் காபி மேசையில் உட்கார்ந்தாலும் பேச்சு எப்படியாவது சுற்றிக்கொண்டு அங்கே வந்து சேரும். "என் பைப் உறைஞ்சதே இல்ல" என்பான். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு கப் ஊற்றுவார்கள்.

போன இலையுதிர்காலத்தில் ஓஸ்மோ ஆஸ்பத்திரியில் வாய் கோணிப் படுத்திருந்தபோது அந்தப் பைப் இணைப்பில் அழுகி உடைந்தது. தரை இறுகப் போகிற நேரம். பெர்த்தி மண்வெட்டும் வண்டியைக் கொண்டுவந்து, கிணற்றிலிருந்து வீட்டுக்குப் பின்முற்றத்தின் குறுக்கே நேராக வெட்டினான். நடுவில் பாறை வந்தது. ஆழம் போகவில்லை. ஃபோம் பலகையைப் போட்டு மூடினார்கள். "சூடேத்தற ஒயரை வர்ற கோடையில போட்டுக்கலாம். இந்த வருஷம் பனி மேல படுத்துக்கிச்சுன்னா போதும், அதைவிட நல்ல போர்வை கிடையாது" என்றான்.

ஒரு காலையும் பாதி நாக்கையும் இழந்துவிட்டு வீடு திரும்பியவனிடம், உன் பைப்பும் போய்விட்டது என்று ஹில்க்காவால் சொல்லமுடியவில்லை. பிறகு சொல்லலாம் என்று தள்ளிவைத்தாள். அந்தப் பிறகு இன்றுவரை வரவில்லை.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஊரில் எந்த வீட்டிலும் பைப்புக்கு மேலே விழுந்த பனியை அள்ளமாட்டார்கள், மிதிக்கவும் மாட்டார்கள். முதல் பனிக்கு முன்பே பைப் போகிற வழியெல்லாம் தேவதாருக் குச்சி நட்டுவிடுவார்கள். தெரியாமல் கால்வைக்கும் விருந்தாளிக்கும் திட்டு விழும், நாய்க்கும் திட்டு விழும். ஹில்க்கா இந்த வருடம் குச்சிகளை எங்கே நடுவாள்? புது இடத்தில் நட்டால் ஓஸ்மோ ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுவான். அதனால் செத்துப்போன பைப்பின் மேலேயே, கொட்டகைக்குப் பின்னால், வழக்கம்போல நட்டுவிட்டாள். எப்படியும் பின்முற்றத்துக்குப் போவார் இல்லை. ஓஸ்மோ விழுந்த பிறகு அங்கிருக்கும் சவுனாவில், அந்த நீராவிக் குளியல் குடிலில், நெருப்பு மூட்டவே இல்லை. பின்கதவின் இடுக்கில் குளிர் வராமல் கம்பளித் துணி அடைத்து மூடியாயிற்று.

பெர்த்தி பைப்பைச் சுவரோரம் கழற்றி மெல்லிய ஹோஸை உள்ளே விட்டான். தடையில்லாமல் போனது. போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் 'டொக்' என்று நின்றது.

"ஐஸ்," என்றான். பைப் வாயருகே ஹோஸில் அடையாளத்துக்கு ஒரு துணி கட்டினான். "இழுத்துக்கிட்டுப் போய் மேல அளந்து பார்ப்போம். எந்த இடம்னு தெரிஞ்சா எவ்வளவு நேரமாகும்னு சொல்லிடுவேன்."

இருவரும் முன்வாசல் வழியாக வெளியேறி, வீட்டைச் சுற்றித் தொடை ஆழப் பனியில் கால்களைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தார்கள். மூக்குக்குள் மயிரெல்லாம் ஒட்டிக்கொண்டது. மூலையைத் திரும்பியதும் முன்னால் போன பெர்த்தி நின்றான்.

"இதென்ன?"

ஹில்க்கா எட்டிப் பார்த்தாள்.

பின்வாசல் படியிலிருந்து சவுனா வரைக்கும் ஒரு பாதை கிடந்தது. ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் பனி இடுப்பளவு சுவராக நிற்க, நடுவில் பழுப்புப் புல் தெரியும் அளவுக்கு வழித்து எடுத்திருந்தது. நேற்று ராத்திரி விழுந்த மெல்லிய தூள் மட்டும் அதன்மேல் படர்ந்திருந்தது. பாதை பைப்பின் மேலேயே நேராகப் போயிற்று. நூல் பிடித்துப் பார்த்து அள்ளியிருந்தால்கூட இவ்வளவு சரியாக அமைந்திருக்காது.

பெர்த்தி ஹோஸை நீட்டி அளந்தான். முனை பாதையின் நடுவில் போய் விழுந்தது. பாறைக்கு மேலே.

"போர்வையை உருவிட்டாங்க," என்றான்.

ஹில்க்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னை ஏன் பார்க்கறே?"

"ஊர்ல எல்லா முற்றத்துப் பனியையும் தள்ளறவன் நீதானே."

"அடியம்மா. நான் தோண்டின பள்ளம் இது. எனக்குத் தெரியாதா எங்க ஓடுதுன்னு? என் டிராக்டர் இந்த இடுக்குல நுழையுமா? உன் வீட்டுப் பூனை ஓட்டினாத்தான் நுழையும்."

அதுவும் சரிதான். ஹில்க்கா கண்களைத் தாழ்த்தினாள். பைப் இங்கே ஓடுகிறதென்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் அள்ளவில்லை. தெரியாத யாரோ ஒருவர் தினமும் வந்து அள்ளியிருக்கவேண்டும். ஒரு நாள் வேலை இல்லை இது. பனி விழ விழ அள்ளியது.

பெர்த்தி குனிந்து பாதையின் ஓரத்தைக் கையுறையால் தடவினான். "கை பழகின ஆள். ஓரத்தைப் பாரு, ரம்பம் வச்சு அறுத்தமாதிரி இருக்கு. பெரிய பனித்தள்ளியால தள்ளினது." சொல்லிவிட்டுப் படியோரம் காட்டினான். இரும்பு வளைவுக் கைப்பிடி வைத்த அகலமான பழைய பனித்தள்ளி ஒன்று பனியில் குத்தி நின்றது. "தைரியத்தைப் பாரு. உங்க வீட்டுத் தள்ளியையே எடுத்து உங்க வீட்டுலேயே அள்ளிட்டு, வச்ச இடத்துல வச்சிட்டும் போயிருக்கான்."

"மில்லாதான்," என்றாள் ஹில்க்கா திடீரென்று.

மில்லா வாரத்துக்கு இரண்டு முறை மாத்திரை கொடுக்க வரும் நர்ஸ். தெற்கேயிருந்து இந்த வருடம்தான் வந்தவள். "பட்டணத்துப் பொண்ணு. நமக்கு நல்லது பண்றதா நினைச்சுக்கிட்டு அள்ளியிருப்பா."

அங்கேயே நின்று போன் போட்டாள். மில்லா எடுத்தாள். பின்னால் கார் ஓடும் சத்தம்.

"பின்பக்கமா? உங்க வீட்டுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு இருக்கா? நான் காரை விட்டு இறங்கினா முன்வாசலுக்கு ஓடறவ. ஷூவுக்குள்ள பனி போனாலே அழுதுடுவேன். ஏன், எதாவது காணாமப் போயிடுச்சா?"

"ஒண்ணுமில்லம்மா," என்று வைத்துவிட்டாள்.

"உன் புருஷனைக் கேளு," என்றான் பெர்த்தி. "அவர் ஜன்னல் இந்தப் பக்கம்தானே? வந்து போற ஆளைப் பார்க்காமலா இருப்பார்?"

ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடி முழுக்க உறைபனிப் பூ படர்ந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கையளவு, யாரோ மூச்சுவிட்டு உருக்கியமாதிரி, தெளிவாக இருந்தது.

"கேட்டா, ஏன் கேக்கறேன்னு கேப்பார். அப்புறம் பைப்பைச் சொல்லணும். இன்னைக்கு வேண்டாம். கைசா போகட்டும்." பக்கத்துப் பனியை வாரிப் பாதையில் போடக் குனிந்தாள்.

"இப்ப மூடாதே. உள்ள இருக்கிற குளிரைச் சேர்த்து மூடினமாதிரி ஆயிடும். முதல்ல உருகட்டும்."

மறுபடி நிலவறை. பெர்த்தி வெந்நீரை மெல்லிய ஹோஸுக்குள் அனுப்பினான். அது ஐஸை நக்கிவிட்டு ஆறிப்போய்ப் பைப் வழியாகவே திரும்பி வாளியில் விழுந்தது. ஹோஸை ஒரு விரல் நீளம் உள்ளே தள்ளினான். காத்திருந்தான். இன்னொரு விரல்.

"எவ்வளவு நேரம்?"

"ஐஸோட நீளத்தைக் கேட்டுச் சொல்லணும்."

"பெர்த்தி, அவ வந்துடுவா."

"அவ வரட்டும். நான் இங்கேர்ந்து நகரமாட்டேன். நீ மேல போய் பன்னைச் சுட வை. பன் வாசம் வந்தா ஜனங்க குழாயைத் திறந்து பார்க்கமாட்டாங்க."

கைசா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தாள். பன் வாசத்துக்கு ஒருமுறை மூக்கை உயர்த்தினாள். கை கழுவ நேராகக் குழாயடிக்குப் போனாள்.

திறந்தாள். குழாய் ஒருமுறை பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

ஹில்க்கா மறைக்கவில்லை. "காலைலேர்ந்து வரல. பைப் உறைஞ்சிருக்கு. கீழ ஆள் வேலை பார்க்கறார். சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

"வணக்கம்," என்றது தரை.

கைசா தரையைப் பார்த்து "வணக்கம்" என்றாள். பிறகு உட்கார்ந்தாள். பெர்த்தி கொண்டுவந்திருந்த தண்ணீரில் போட்ட காபியை இரண்டு வாய் குடித்தாள்.

"தண்ணியை விடுங்க ஹில்க்கா. எங்க வீட்டுலயும் போன வாரம் உறைஞ்சுது. அது சரியாயிடும். என் கவலை வேற. நீங்க இல்லாத நேரத்துல நெருப்புப் பிடிச்சா இவரால வெளியே போகமுடியாது. முன்வாசலுக்கு சமையலறையைத் தாண்டணும், அடுப்பே அங்கதான் இருக்கு. பின்கதவை நீங்க அடைச்சுட்டீங்க, வெளியே இடுப்பளவு பனி. இவர் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுக் கழிப்பறைக்குப் போகவே வேர்த்துப் போறார்னு நீங்கதான் சொன்னீங்க. நான் என்ன செய்யட்டும்?"

"நான் பால் கறக்கப் போகமாட்டேன். இன்னையோட நிறுத்திடறேன்."

"கடைக்குப் போகமாட்டீங்களா? தூங்கமாட்டீங்களா?"

ஹில்க்கா திரும்பிப் பார்த்தாள். பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஓஸ்மோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

"திங்கக்கிழமைலேர்ந்து ரூம் தயார்," என்றாள் கைசா. சொல்ல அவளுக்கும் பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. "நல்ல ரூம். ஏரி தெரியும். நீங்க தினம் வந்து பார்க்கலாம்."

"ஏரி எனக்குத் தெரியும்," என்றான் ஓஸ்மோ உள்ளேயிருந்து. "அதுல இருக்கிற மீனையும் தெரியும்."

கட்டில் கிறீச்சிட்டது.

ஹில்க்கா எழுந்து ஓடப் பார்த்தாள். ஓஸ்மோ வாக்கரோடு கதவுக்கு வந்துவிட்டான். கம்பளிச் சட்டைமேல் கோட்டு போட்டிருந்தான். தலையில் காதை மூடும் தொப்பி. காலில் பூட்ஸ். இதையெல்லாம் எப்போது போட்டுக்கொண்டான்?

"நெருப்பு," என்றான் கைசாவிடம். "இப்போ பிடிச்சிடுச்சுன்னு வச்சுக்கோ."

"ஓஸ்மோ, என்ன இது, உட்காரு."

"நீ மாட்டுக் கொட்டகையில இருக்கே கிழவி. நீ பேசக்கூடாது."

வாக்கரைத் திருப்பினான். பின்கதவுக்குப் போனான். ஹில்க்கா இலையுதிர்காலத்தில் தன் கையால் அடைத்த கம்பளித் துணி, கதவின் மூன்று பக்கமும் பார்வைக்கு அப்படியே இருந்தது. அடியில் மட்டும் நேர்த்தியாக மடித்து ஒதுக்கியிருந்தது. ஓஸ்மோ தாழ்ப்பாளைத் தூக்கினான். கதவு முனகாமல் திறந்தது. கீல்களில் எண்ணெய் மினுங்கியது. குளிர் வெள்ளைப் புகையாக உள்ளே உருண்டு வந்தது.

வாக்கரை வாசலிலேயே விட்டான். கைப்பிடிக் கட்டையைப் பற்றி, நல்ல காலை முதலில், கெட்ட காலைப் பின்னால் என்று, படியில் இறங்கினான். இறங்கியதும் பக்கத்தில் நீட்டிய கை, பார்க்காமலேயே, பனித்தள்ளியின் இரும்பு வளைவைப் பிடித்தது.

கைசா வாசலுக்கு வந்து காலுறையோடு நின்றாள். நிலவறையிலிருந்து பெர்த்தியின் தலை எட்டிப் பார்த்தது.

ஓஸ்மோ இரண்டு கையாலும் வளைவில் சாய்ந்து தள்ளினான். வலது கால் ஒரு கோடு இழுத்துக்கொண்டு பின்னால் வந்தது. நேற்று ராத்திரி விழுந்த தூள் பனி தள்ளியின் முன்னால் சுருண்டு சுருண்டு ஏறியது. அவன் அவசரப்படவில்லை. நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினான். சவுனாச் சுவரோரம் பனியைக் கவிழ்த்தான். தள்ளியைத் திருப்பினான். அதைத் திருப்பும்போது ஒரு கணம் எதையும் பிடிக்காமல் தனியாக நின்றான்.

கீழே வாளியில் ஏதோ களகளவென்று கொட்ட ஆரம்பித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து படியோரம் நின்றான். மூச்சு வெள்ளையாக வந்தது. "நான் வெளிய வந்துட்டேன்," என்றான் கைசாவிடம். "வீடு எரியட்டும்."

கைசா கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள். "அந்த ஏரிப் பக்கத்து ரூமை வச்சிருக்க வேண்டாம்," என்றாள் அதில். "ஆமா, வேற யாருக்காவது கொடுத்துடு." போனை வைத்துவிட்டு, தன் காலுறையைப் பார்த்து, சமையலறைக்குள் போய் அடுப்பருகே உட்கார்ந்துகொண்டாள்.

ஹில்க்கா மட்டும் வாசலில் நின்றாள். ஓஸ்மோவையும் பாதையையும் மாறிமாறிப் பார்த்தாள். கை தானாக நீண்டு அவன் முழங்கையைப் பிடிக்கப் போனது. அவன் முழங்கையை நகர்த்திக்கொண்டான்.

"இதுக்குத்தான் சொல்லல," என்றான். "சொன்னா வந்து பிடிச்சுப்பே. பிடிச்சா நான் எப்படி நடக்கிறது?"

"எப்போலேர்ந்து?"

"முதல் பனிலேர்ந்து. நீ அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகைக்குப் போவே. நான் இந்தப் பக்கம் இறங்குவேன். வாக்கர் பனியில புதைஞ்சு போகுது. இது புதையல, வழுக்கிக்கிட்டுப் போகுது. இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கவே பழகினேன். பனி அள்ளணும்னு அள்ளல."

ஹில்க்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். நிலவறையில் பெர்த்தி விசிலடித்துக்கொண்டு பைப்பை மாட்டி பம்ப்பைப் போடும் சத்தம் கேட்டது. சமையலறைக் குழாய் இருமியது, துப்பியது, பிறகு ஒரே சீராகக் கொட்டியது. கைசா எழுந்துபோய் அதை மூடினாள்.

"ஓஸ்மோ," என்றாள் ஹில்க்கா. "உன் பைப் போன இலையுதிர்காலத்திலேயே உடைஞ்சு போச்சு. நான் உங்கிட்ட சொல்லல."

ஓஸ்மோவுக்கு அடுத்த வாக்கியத்தைத் தேடி எடுக்க நேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள்.

"தெரியும்," என்றான். "ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தப்பவே பெர்த்தி சொல்லிட்டான். எந்தப் பக்கமா புதுசு போட்டான்னு மட்டும் அந்தக் கழுதை சொல்லல."